மடக்கிய குடை

ஜூன் 14, வெள்ளி

காலையில் எட்டாந்தர வகுப்புக்கு அடிமை முறை பற்றிப் படிப்பித்தேன். அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்றும் சொன்னேன்.

மாலை மழையில் மகளோடு தேயிலைத் தோட்டத்து ரோட்டில் வரும்போது, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப் வந்தது. ரோட்டில் இடமிருந்தும் ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. துரை வந்தால் அம்மா அப்படி நிற்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஜீப்பில் இருந்தவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"ஏம்மா குடைய மடக்குனீங்க?"

"காத்தும்மா."

"காத்தே இல்லையே."

கொஞ்ச தூரத்தில் இன்னொரு வண்டி வந்தது. வெறும் மரக்கறி லொறி. அதற்குள் அவள் தன் சின்னக் குடையை மடக்கிக்கொண்டு கானுக்குள் நின்றாள்.

"வண்டி வருதும்மா, நீங்களும் எறங்குங்க."

நான் இறங்கவில்லை. மேலே வா என்று சொல்லவும் வாய் வரவில்லை.