எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன்

12-7-99, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. மாடிக் கொடியில் கிடந்த துண்டு பறந்து பக்கத்து வீட்டுக்குள். கேட்டு வாங்க எனக்குக் கூச்சம். கோமதி போய் வாங்கி வந்தாள்.

டாக்டர், 11 மணி. கோ. வெளியே பெஞ்சில். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவள் சதைப் பரிசோதனை முடிவை என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு முறை படித்தேன். இடது மார்பு. புற்றுநோய்.

"அம்மாட்ட இப்பம் ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். நீர்க்கட்டின்னு சொல்லிக்கிடுவோம். பயந்துட்டாங்கன்னா பிரஷர் ஏறிரும். மதுரையில ஆபரேஷன் முடியட்டும். பொறவு பாக்கலாம்."

தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? தெரியவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கான சேர்க்கைத் தாள் ஒன்று கொடுத்தார். நிரப்பி எடுத்துப்போக வேண்டும், 26 அன்று.

வெளியே வந்ததும் கோ. கேட்டாள், "என்ன சொன்னாரு?"

"நீர்க்கட்டி. எடுத்துரணுமாம்."

"அதுக்கா பதினஞ்சு நிமிஷம்? தாளக் கொடுங்க, பாப்போம்."

"டாக்டர் வச்சிக்கிட்டார்."

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். ஒரே பார்வையில் படித்துவிடுவாள்.

மாலை அமெரிக்காவிலிருந்து மகன் சங்கர் போன். கோ. குளிக்கப் போயிருந்தாள், சொன்னேன். எந்த நிலை என்று மட்டும் கேட்டான். பிறகு, "அம்மாட்ட சொல்லிராதீங்கப்பா." அவனும் அதையே சொல்கிறான். அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்.

பரிசோதனை முடிவு, சேர்க்கைத் தாள், இரண்டும் பழைய பஞ்சாங்கத்துக்குள். பீரோ மேல் தட்டு.

14-7-99, புதன்

காற்று குறையவில்லை. கண்ணில் மண். பால் அட்டை வாங்கியாயிற்று. நல்லெண்ணெய் மறந்துவிட்டேன்.

கல்லூரி நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்த பழக்கம். தெரியாத ஒன்று வந்தால் தேடிப் படித்தாக வேண்டும். பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கோ.விடம், சங்கருக்கு மெயில் அனுப்பப் போவதாகச் சொன்னேன். அது பாதி உண்மை.

சென்டரை நடத்துவது ஜெசிந்தா. உவரிப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். நாலு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு. எனக்கு எப்போதும் நெ. 3. மூலையில் இருப்பதால்.

நோயின் பெயரை அடித்தேன். வந்த பக்கங்கள் பல. நிறையப் படித்தேன், பாதி புரிந்தது. நடுநடுவே சின்னச் சின்ன ஜன்னல்கள் தாமாகத் திறந்தன. ஒன்றை மூடினால் இரண்டு வந்தன. படித்துக்கொண்டிருந்த பக்கம் அடியில் போய்விட்டது. நான்தான் எதையோ தவறாக அழுத்துகிறேன் போல. ஜெசிந்தாவைக் கூப்பிடலாம் என்றால் திரையில் அந்தப் பெயர்.

ஒரு பக்கத்தில் வெள்ளைக் கோட் போட்ட டாக்டர் படம். உங்கள் கேள்விக்குப் பதில் தருகிறோம் என்று இருந்தது. கீழே கட்டங்கள்.

நோயாளி பெயர் — கோமதி
வயது — 61
ஊர் — திருநெல்வேலி
நோய், எந்தப் பக்கம், எந்த நிலை — எழுதினேன்
எழுதுபவர் உறவு — கணவர்
மின்னஞ்சல் — என்னுடையது

நட்சத்திரம் போட்ட கட்டங்களை மட்டும் நிரப்பினால் போதும் என்று இருந்தது. நான் எல்லாவற்றையும் நிரப்பினேன். காலிக் கட்டம் இருந்தால் எனக்கு ஆகாது. கடைசியில் ஒரு சிறிய கட்டம், அதில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள்: எங்கள் நண்பர்கள் உங்களுக்குத் தகவல் அனுப்பலாம். அவர்கள் போட்டதை நான் எடுப்பது முறையா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன். நண்பர்கள் என்றால் வேறு டாக்டர்கள் என்று எண்ணினேன்.

கேள்விக்கான பெரிய கட்டம். பதினெட்டு வரி எழுதினேன், இங்கிலீஷில். அது கையில் வந்த வேகம் எனக்கே ஆச்சரியம். முப்பத்தொன்பது வருடமாக என் மனைவியிடம் எதையும் மறைத்ததில்லை என்று தொடங்கினேன். அவளுக்கு நோயின் பெயர் தெரியாது, நான் அவளிடம் எப்படிச் சொல்வது என்று முடித்தேன்.

அனுப்பியதும் மனசு கொஞ்சம் லேசானது. யாரோ ஒரு டாக்டர் படிப்பார்.

17-7-99, சனி

ஆடி பிறந்தது. கோ. கேட்டாள், "சங்கரங்கோயில் தபசுக்குப் போவோம்லா?" அந்தத் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் போகிறவள். பெயரே அந்த அம்மன் பெயர். "பாப்போம்" என்றேன். "என்ன பாப்போம்? நீர்க்கட்டிக்காரி பஸ் ஏறக் கூடாதா?" சிரித்தாள்.

சென்டர். பதில் வந்திருக்குமா என்று. நெ. 3-இல் பாத்திரக்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார், நான் நாற்காலியில் காத்திருந்தேன். திடீரென்று அவர் உரக்க, "ஏ ஜெசிந்தா, ஒம் பெட்டி என்னயப் பொம்பளன்னு நெனச்சிட்டு. மார்ல கட்டியான்னு கேக்கு. நான் பித்தளை வெலை பாக்க வந்தேன் தாயி."

நாலு தடுப்பிலும் சிரிப்பு. ஜெசிந்தாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகம் எப்படி இருந்ததோ.

"மூடினா திரும்பத் திரும்ப வருது. எந்தப் பக்கம் போனாலும் மேல இதே விளம்பரம். எவ தாயி இதுல உக்காந்துட்டுப் போனா?"

அவர் போன பிறகு, அந்த விளம்பரம் ஏன் வருகிறது என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். பொதுவாகக் கேட்பது போல.

"அது குக்கீ சார். ஒரு சைட்டுக்குள்ள போனா நம்ம கம்ப்யூட்டர்ல சின்னதா ஒரு சீட்டு போட்டு வச்சிருவான். பொறவு நாம வேற எங்கன போனாலும் அந்தச் சீட்டப் பாத்துக்கிடுவான். ஓகோ, இவுக இன்ன எடத்துக்குப் போயிட்டு வந்தவுகன்னு."

"சைட் வேற, போற இடம் வேறல்லாம்மா?"

"எல்லாத்துலயும் விளம்பரம் போடுதவன் ஒருத்தன்தான சார்."

"அத எடுக்க முடியுமா?"

என்னைப் பார்த்தாள். "நீங்க உக்காருங்க சார்" என்று சொல்லி, நெ. 3-இல் ஏதோ செய்தாள். "எல்லாச் சீட்டையும் அழிச்சாச்சு." நல்ல பெண்.

பதில் வரவில்லை.

வரும்போது பஸ்ஸில் ஒரு பழைய நினைவு. வேண்டாம் என்றாலும் வந்தது. கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் காசநோய் பற்றிய புத்தகம் எடுத்திருந்தார். இன்னொருவர் அதே புத்தகத்தைக் கேட்டார். யாரிடம் இருக்கிறது என்றதும் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொன்னேன். மறுநாளிலிருந்து அந்த மனிதர் தனியாகச் சாப்பிட்டார். நான் பொய் சொல்லவில்லை, தவறான பெயரும் சொல்லவில்லை. பதிவேட்டில் இருந்ததைத்தான் சொன்னேன்.

20-7-99, செவ்வாய்

மேற்கே மலைப்பக்கம் கறுப்பு. இங்கே ஒரு துளி இல்லை.

சென்டர், 10 மணி. சோதனைக்காக மட்டும். நெ. 3-இல் ஐந்தாறு பக்கம் திறந்து பார்த்தேன். மேலே கைக்கடிகார விளம்பரம், கார் விளம்பரம். அந்த விளம்பரம் இல்லை. என் மெயில் பெட்டியில் ஒன்றே ஒன்று, சங்கரிடமிருந்து. பேத்தி படம் அனுப்பியிருக்கிறான், பிறந்து மூன்று மாதம். படத்தை நான் திறக்கவில்லை. கோ.வுடன் சேர்ந்து பார்க்க வேண்டும்.

வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன். ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டது போல.

கோ.விடம், வியாழன் போவோம் என்றேன். நாலு முறை கேட்டாள், படம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று.

22-7-99, வியாழன்

எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

9.40 டவுன் பஸ். கோ. மாம்பழக் கலர் சேலை. படத்தில் இருப்பது பேத்தி, அவளுக்கு இவள் சேலையா தெரியப்போகிறது என்றேன். "எனக்குத் தெரியும்லா" என்றாள்.

நெ. 3 காலி. நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். கடவுச்சொல்லை நான் குனிந்து அடித்தேன். லைன் மெதுவாக இருந்தது. பெட்டி திறந்தது. இரண்டு வரி. கீழே சங்கர். மேலே புதியது ஒன்று, அனுப்பியவர் பெயர் ஏதோ ஆங்கில எழுத்துகள், பொருள் என்ற இடத்தில் "கோமதிக்கு."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, சங்கர் எனக்குன்னு தனியா எழுதியிருக்கான் பாருங்க" என்றாள். அந்தக் குரல்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் அழுத்திவிட்டாள். மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முதலில் ஒரு ரோஜா நிற ரிப்பன். பிறகு, அன்புள்ள கோமதி. பிறகு, மார்பகப் புற்றுநோயுடன் வாழும் உங்களுக்காக. ஏதோ மருந்து, ஏதோ சலுகை, ஏதோ பொய்முடி.

மவுஸை எடுக்கக் கை நீட்டினேன்.

"பொறுங்க" என்றாள். வகுப்பில் பேசும் குரல். கையை எடுத்துக்கொண்டேன்.

கீழே இறங்கிப் போனாள். அடியில், உங்கள் கேள்வி என்று போட்டு என் பதினெட்டு வரிகளும் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பதில் எங்கும் இல்லை. அதை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. படித்த முதல் ஆள் கோ.

பைய, விரலை வைத்துப் படிப்பது போலப் படித்தாள். இடையில் ஒரு ஜன்னல் தானாகத் திறந்து எழுத்தை மறைத்தது. அதை மூட அவளுக்குத் தெரியவில்லை. நான் மூடிக் கொடுத்தேன். இதையும் நான் செய்தேன்.

முடித்துவிட்டுக் கேட்டாள், "பிள்ளை போட்டோ எது?"

திறந்தேன். நெற்றி வந்தது, கண் வந்தது, வாய் வர நெடுநேரம். முழுதும் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். "ஒங்க மூக்கு" என்றாள்.

கிளம்பும்போது ஜெசிந்தா மெதுவாக, "மெயில் ஐடி எங்கயும் குடுத்திருந்தீயளா சார்? சீட்ட அழிச்சா இந்தக் கம்ப்யூட்டர்தான் சார் மறக்கும். எழுதிக் குடுத்தத அவன் மறக்க மாட்டான்."

அழித்தபோதே அவளிடம் முழுவதையும் சொல்லிக் கேட்டிருக்கலாம். கூச்சம்.

பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் நின்று நின்று போனது. ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல் தெரிந்தது. கோ. ஜன்னல் பக்கம். இறங்கும்போது மட்டும், "நல்லெண்ணெய் வாங்கணும்."

வாங்கினோம்.

23-7-99, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம்.

காலை இட்லி வைத்தாள். விளக்கேற்றினாள். பத்து மணி வரை நான் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "நான் எத்தனாவது ஆளு?"

"என்ன?"

"இது தெரிஞ்சவங்கள்ல. நான் எத்தனாவது?"

"தெரியல."

"ஒங்களுக்கா தெரியாது? நாப்பதாயிரம் புஸ்தகத்துக்கு நம்பர் போட்டவரு."

பிறகு, "பதினெட்டு வரி. எண்ணினேன். நல்லாத்தான் எழுதியிருக்கீய. முப்பத்தொம்பது வருஷத்துல எங்கிட்ட ஒரு நாளும் இத்தனை பேசினதில்ல."

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது செய்திருப்பேனோ? செய்திருக்க மாட்டேன்.

"பயந்துருவேன்னு நெனச்சீயளாக்கும்."

"டாக்டர் சொன்னாரு. சங்கரும்..."

"நீங்க என்ன நெனச்சீய?"

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாலை உட்கார்ந்து வரிசை போட்டுப் பார்த்தேன்.

1. டாக்டர்
2. நான்
3. சங்கர்
4. மருமகள்
5. அந்த சைட்
6. அதன் நண்பர்கள் (எத்தனை பேர்?)
7. நண்பர்களுக்கு நண்பர்கள் (?)
8. ஜெசிந்தா (ஊகம்)

6, 7-க்கு எண் போட முடியவில்லை. அதனால் கோ.வின் எண்ணும் தெரியவில்லை. அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் மட்டும் உண்மை.

24-7-99, சனி

விடிகாலையில் லேசான தூறல். ஐந்து நிமிடம்.

மதுரைக்குப் பை: சேலை 4, துண்டு 2, டம்ளர், பிளாஸ்க், என் வேட்டி 3, விபூதிப் பை, அவள் கண்ணாடி. தபசு இந்த வருடம் இல்லை. அவளே சொன்னாள்.

காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "சரி, சொல்லுங்க."

"அதான் தெரிஞ்சிட்டே."

"ரிப்பன் கட்டின எவனோ சொன்னான். நீங்க சொல்லல. சொல்லுங்க."

சொன்னேன். மூன்று முறை தொடங்க வேண்டியிருந்தது. நோயின் பெயரைத் தமிழில் சொல்ல அவ்வளவு நேரம் ஆனது. அவள் "ம்" போட்டுக்கொண்டே கேட்டாள், எதுவும் தெரியாதவள் போல.

முடிந்ததும், "எல்லாத் தாளையும் எடுங்க" என்றாள். பஞ்சாங்கத்தைக் கொண்டு வந்தேன். பரிசோதனை முடிவைப் படித்தாள். சேர்க்கைத் தாளை நான் நிரப்பத் தொடங்கியிருந்தேன், பென்சிலில். பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"நீங்க ஒண்ணையும் நிரப்ப வேண்டாம்."

சாப்பாட்டு மேஜையில் வைத்து அவளே எழுதினாள், கோடு பிசகாத பள்ளிக்கூட எழுத்தில். பெயர், வயது, நோய். நோயின் பெயரை முழுதாக எழுதினாள். எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாள், சரிபார்க்க.

கடைசிக் கட்டம்: நோயாளி பற்றிய விவரம் யாரிடம் தெரிவிக்கப்பட வேண்டும். அதில் பென்சிலில் என் பெயர் எழுதியிருந்தேன். ரப்பரால் அழித்திருந்தாள். அழித்த இடத்தில் மசியில், கோமதி.