பெரியப்பாவின் ஈரலில் தங்கிய இரும்பு

சேக்காடு, ஆவடி.

அன்புள்ள ஜெகதீஷுக்கு அப்பா எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் ரேஷ்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

திருநின்றவூரில் உன் பெரியப்பா கோதண்டம் ஈரலில் புற்றுநோய் வந்து இறந்துபோனது உனக்குத் தெரியும். பீடிகூடப் பிடிக்காத மனுஷன், ஆனால் ஈரல் என்றதும் குடிதான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. காரியத்தன்று பந்தலிலேயே ஒருவர் அதைச் சொல்ல, கண்ணம்மா பெரியம்மா எழுந்து நின்று, "எங்க ஊட்டுக்காரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. சாப்புடற சாப்பாட்டுல கீற இரும்பு ஈரல்லயே தங்கிக்கினு அத்த கெடுத்துடுச்சாம், பொறவியிலயே வர்ற கோளாறுன்னு டாக்டரு சொன்னாரு" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ கூடப் பொறந்தவன், போய் ரத்தம் பாரு" என்றாள். எனக்குப் பயம், நாள் கடத்தினேன், கடைசியில் அவளே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து அழைத்துப் போனாள்.

எனக்கும் அதே கோளாறு. கை மூட்டு வலி, எழுந்தால் அலுப்பு, எல்லாம் வயசு என்று இருந்துவிட்டேன். ஈரல் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கிறதாம், கட்டி இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு பை ரத்தம் எடுக்கிறார்கள், சேர்ந்த இரும்பு அப்படித்தான் இறங்குமாம். எடுத்த அன்று படுத்தே கிடக்கிறேன். பெரியம்மா ரயிலேறி வந்து பக்கத்தில் உட்காருகிறாள். போன முறை பை நிரம்புவதைப் பார்த்துவிட்டு, "இத்த அவருக்கு அப்பவே செஞ்சிருந்தா இருந்திருப்பாரு இல்ல தம்பி" என்றாள்.

என்னிடமிருந்து இதில் ஒரு பங்கு உனக்குக் கண்டிப்பாக வந்திருக்கும், அம்மா பக்கத்திலிருந்தும் வந்திருந்தால்தான் நோயாகும் என்கிறார் டாக்டர். அம்மாவும் ரத்தம் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு முடிவு எப்படி வந்தாலும் நீ அங்கே ரத்தம் பார்த்துவிடு. சத்துக்கென்று நீயாகப் போட்டுக்கொள்ளும் இரும்பு மாத்திரையை அதுவரை தொடாதே. நல்லாத்தான் இருக்கேன்பா என்று போனில் சொன்னாய், பெரியப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்பதே எங்கள் ஆசி. முடிவு எப்படி வந்தாலும் மறைக்காதே. பயப்பட இங்கே நாங்கள் இருக்கிறோம், நீ அங்கே தனியாகப் பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏகாம்பரம்