அரிசி ஆகாத பிள்ளை

மைனி,

இன்று காலை செம்பூர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மாவு அரைக்கும் சக்கி ஒன்றைக் கடந்தேன். யாரோ கேழ்வரகு கொடுத்திருந்தார்கள். வறுத்த கேழ்வரகின் வாசனை தெருவரைக்கும் வந்து என்னை நிறுத்திவிட்டது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

தாராவியில் சக்கிக்காரன் கடை திறக்கும்போதே நீங்கள் டப்பாவோடு நிற்பீர்கள். "பையா, பெஹ்லே மேரா", முதலில் என்னுடையது, என்று உங்கள் இந்தியில் அதட்டுவீர்கள். மற்றவர்களின் அரிசி கல்லில் விழுவதற்கு முன் நம் கேழ்வரகு, அவன் பாஷையில் நாச்னி, அரைபட்டாக வேண்டும். மதராசிப் பெண் ஒருத்தி அரிசிமாவைக் கண்டு இப்படிப் பயப்படுகிறாளே என்று அவனுக்கு வியப்பாக இருக்கும். நீங்கள் விளக்கம் சொன்னதே இல்லை.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் அந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தீர்கள். பிள்ளை இல்லை என்று திருநெல்வேலியிலிருந்து புகுந்த வீட்டார் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றி நீங்களாகப் பேசியதில்லை. ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, சேலைகளுக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தீர்கள். பொன்னி பிறந்து, என் லீவு முடிந்து, நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது, "நான் இருக்கேம்லா, நீ போயிட்டு வா" என்றீர்கள். அவ்வளவுதான். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில் வந்தது.

ஆறு மாதம் முடிந்ததும் அரிசியைக் கழுவிக் காயவைத்து, வறுத்துப் பொடித்து, நீங்கள்தான் முதல் கஞ்சி காய்ச்சினீர்கள். பொன்னி சப்புக்கொட்டிக் குடித்தாள். "உன் பிள்ளை பெரிய சாப்பாட்டுக்காரி ஆவப்போறா" என்று சிரித்தீர்கள். முதலில் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் எனக்கு ஆபீசுக்கு போன் வந்தது. உங்கள் குரல் உங்கள் குரலாகவே இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் நனைந்த துணியைப் போல உங்கள் தோளில் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கஞ்சி குடித்துவிட்டு நன்றாக விளையாடியவள், இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி எடுக்க ஆரம்பித்து, வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் நிறுத்தாமல் எடுத்திருக்கிறாள். டிரிப் ஏற்றினார்கள். சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது போல நர்ஸின் பேனாவைப் பிடுங்கினாள். "இன்ஃபெக்ஷன். தண்ணியைக் கொதிக்க வைங்க, பாத்திரத்தைச் சுத்தமா வைங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நீங்கள் அதற்கு மேலும் செய்தீர்கள். பிள்ளைக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, கேனில் வாங்கிய தண்ணீர். கை கழுவிக் கழுவி உங்கள் விரல் தோல் உரிந்தது. ஒரு வாரம் தாய்ப்பால் மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு மறுபடி கஞ்சி கொடுத்தோம். அதே வாந்தி. அதே வெளுப்பு. மறுபடி டிரிப். அடுத்த முறையும் அப்படியே.

பக்கத்து வீட்டில் பேச்சு கிளம்பியது. பிள்ளை இல்லாதவள் கையில் பிள்ளையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று சுவருக்கு அந்தப் பக்கம் சொன்னது இந்தப் பக்கம் கேட்டது. அந்த வீடுகளின் சுவர் அப்படி. அது உங்கள் தம்பி காதிலும் விழுந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை, மைனி. பயந்த மனிதர். மகளை மூன்றாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்த அன்று, உங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "யக்கா, இனிமே நீ பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்காண்டாம்."

நீங்கள் "சரில" என்றீர்கள். மறுநாள் மிஷினைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தீர்கள். பொன்னி தவழ்ந்து வந்து உங்கள் சேலையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் குனியவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தீர்கள். ஊசிக்குக் கீழே துணியே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

நான் லீவு போட்டேன். தாய்ப்பால் மட்டும் கொடுத்த நாட்களில் பொன்னி தங்கமாக இருந்தாள். மசித்த வாழைப்பழம் கொடுத்தேன், அதுவும் ஒத்துக்கொண்டது. நீங்கள் விலகியதும் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் கணக்கு முடித்துவிட்டார்கள். நீங்களும் அதை நம்பத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. "ஊருக்குப் போயிரலாம்னு பாக்கேன் செல்வி" என்றீர்கள். ஊரில் உங்களுக்கு யார் இருந்தார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே கஞ்சி காய்ச்சினேன். மாதுங்கா கடையிலிருந்து புது அரிசி, புதுப் பாத்திரம், கேன் தண்ணீர். நீங்கள் சமையல்கட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பொன்னி ஆசையாகக் குடித்தாள். இந்த முறை ஒன்றும் ஆகாது என்று நானும் உங்கள் தம்பியும் நம்பினோம்.

மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் அவள் என் மடியில் வாந்தி எடுத்தாள்.

அடுத்து நடந்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பழி உங்களைவிட்டு இறங்கிய நிமிஷம் அது. வேறு யாராக இருந்தாலும் என்னை ஒரு பார்வையாவது பார்த்திருப்பார்கள். நீங்கள் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடி, ஒரு டாக்சிக்குக் குறுக்கே நின்றீர்கள்.

டாக்சியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டீர்கள். "செல்வி, இன்னைக்கு நீதான குடுத்த?"

"ஆமா மைனி."

"புதுப் பாத்திரம், புதுத் தண்ணி. ஆனாலும் வந்துட்டு. அப்ப கையில இல்லட்டி. கஞ்சியிலதான் என்னமோ இருக்கு."

"வெறும் அரிசி மைனி. அரிசி என்ன செய்யும்?"

சயான் பாலம் ஏறும்போது என் முழங்கையைப் பிடித்தீர்கள். "சீத்தா கேம்ப்ல சித்தி வீட்டுக்குப் போனமே, அங்கயும் வாந்தி எடுத்தால்லா? பஸ் ஆவலைன்னு சொன்னோம். அன்னைக்கு நான் கஞ்சி குடுக்கல. சித்தி இட்லியைப் பிச்சு ஊட்டுனா."

இட்லி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இட்லியில் என்ன இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நம்ப முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு ஊரே முதலில் கொடுக்கிற சாப்பாடு அது.

பிள்ளை கண் திறந்த பிறகு பெரிய டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னோம். என் இந்தி தடுக்கிய இடத்தில் நீங்கள் புகுந்தீர்கள், உங்களுடையது தடுக்கிய இடத்தில் நான். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, காய்ச்சல் இருந்ததா, உடம்பில் தடிப்பு வந்ததா, வேறு எது கொடுத்தால் வருவதில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார்: இப்படியும் ஒரு ஒவ்வாமை உண்டு. சில குழந்தைகளின் குடல் ஏதோ ஒரு உணவை ஏற்காது. உடனே காட்டாமல் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் காட்டும், அதனால்தான் வயிற்றுக் கிருமி என்று நினைத்துவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. அரிசியாலும் வரும். அடியோடு நிறுத்துங்கள், வளர வளரப் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் நீங்களாக வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

"யாரோட தப்பும் இல்லை" என்று கடைசியில் இந்தியில் சொன்னார். நீங்கள் அதை என்னிடம் தமிழில் திருப்பிச் சொன்னீர்கள், எனக்குப் புரியாதது போல.

சாயங்காலம் உங்கள் தம்பி வார்டுக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலிலிருந்து பொன்னியைத் தூக்கி உங்கள் மடியில் வைத்தார். "யக்கா..." என்று தொடங்கினார்.

"நவுருல, பிள்ளைக்குக் காத்து வரட்டும்" என்றீர்கள். அவர் நகர்ந்து நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகுதான் கேழ்வரகும் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும். டாக்டரம்மா சொன்னபடி ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் தையல் கிடையாது, வம்பு கிடையாது. மாதுங்காவில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ அவளுக்குப் பாயசம் ஊட்டப்போக, "பச்சரிசி போட்டிருக்கா?" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பரிமாறுகிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "தமிழ்ப் பிள்ளைக்குச் சோறு ஆவாதா?" என்று கேட்டவர்களுக்கு, "எங்க பிள்ளைக்கு ஆவாது, உங்களுக்கு என்ன?" என்பீர்கள்.

அவளுக்கு நாலு வயதானபோது ஆஸ்பத்திரியிலேயே அரிசி கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். கையில் டிரிப் ஏற்றும் ஊசியைக் குத்தித் தயாராக வைத்துக்கொண்டு, குழைந்த சோறு ஒரு கிண்ணத்தில் வந்தது. பொன்னி கிண்ணத்தை உங்களிடம் நீட்டினாள். "அத்தை, நீங்க."

நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "என் கையால வேண்டாம் செல்வி. நீ குடு."

"உங்க கையாலதான் மைனி," என்றேன்.

ஊட்டினீர்கள். காத்திருந்தோம். நீங்கள் அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மணி நகர்ந்தது. பொன்னி வரைந்தாள், பாடினாள், சலித்துப்போய்க் கட்டிலில் குதித்தாள். பிறகு, "அத்தை, அந்தச் சோறு இன்னும் இருக்கா?" என்றாள். நீங்கள் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டீர்கள். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

போன மழைக்காலத்தில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. எங்களுக்கு எதையும் செய்ய அவகாசம் கொடுக்கவில்லை. பொன்னி இப்போது கல்லூரியில் படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும், சடங்குகளில் பாதி புரியாது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது, "என்னம்மா செய்யணும்?" என்று என்னிடம் கேட்டாள். கையில் அரிசியைக் கொடுத்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அவள் குனிந்து, உங்கள் உதட்டில் அதை மெதுவாக வைத்தாள். வைத்துவிட்டு எழுந்துகொள்ளவில்லை. பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோளைத் தொட்டேன்.

"இரும்மா," என்றாள். "கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

யாரும் அவளை எழுப்ப வேண்டாம் என்று உங்கள் தம்பி சொல்லிவிட்டார். நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த உட்கார்தலிலிருந்து நான் இன்னும் முழுதாக எழவில்லை, மைனி.

உங்கள்
செல்வி