கிரீஸ் டப்பாவில் போன கற்றாழை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வீடு நலம், குளியலறைக் கூரை ஒழுகுவதும் வழக்கம்போல நலம். உன் அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்பாமல் வேறு என்ன செய்ய. போனில் சொன்னால் ஆகாதா என்பாய். நீ கூப்பிட்டாலே அவருக்குக் கூடத்தில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது, நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றித் துடைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். ‘நீங்களே பேசுங்களேன்’ என்று போனை நீட்டினால் ‘யாரு?’ என்கிறார். யாராம்! அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சங்கதி இதுதான், வேலியோரத்து ஆனைக்கற்றாழை பூத்துவிட்டது. நீ பிறப்பதற்கு முன்னால் வைத்தது, துணி காயப்போடப் போகிற என் கையைக் கிழித்ததைத் தவிர இத்தனை வருஷத்தில் அது வேறொன்றும் செய்ததில்லை. திடீரென்று நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது பார், விளக்குக் கம்பம் கணக்காக, ஜன்னலைத் தாண்டிக் கூரையையும் தாண்டிவிட்டது. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் லேத் பட்டறைக்குப் போகுமுன் ஏணி போட்டு ஏறி டேப் வைத்து அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். லேத்தில் விழுகிற இரும்புத்தூளை எல்லாம் அதன் வேரில்தானே கொட்டிவந்தார், இந்த உயரத்துக்கு அதுதான் காரணமாம். ‘இரும்புச் சத்துன்னா சும்மாவா?’ என்று தெருவில் போகிறவரை எல்லாம் மடக்கிச் சொன்னார். உச்சியில் கிளைகிளையாக மஞ்சள் பூ விரிந்த அன்று சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், பூத்தது என்னவோ இவர்தான் என்பதுபோல. ஜனங்களும் வந்து செல்பி எடுத்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் நான் டீ போட்டுக் கொடுத்தேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

எதிர்வீட்டு டீச்சரம்மாவும் வந்தார். அவருக்குத்தான் நல்ல சேதியைக் கெடுத்துச் சொல்வதில் தனி ருசி ஆயிற்றே. டீயை வாங்கிக்கொண்டு, ‘ஆயுசுல ஒரே தடவைதான் சார் பூக்கும், பூத்துட்டா அதோட கதை முடிஞ்சுது’ என்றார். இவர் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது போல, ‘கவலப்படாதீங்க, அடியில குட்டிங்க நிறைய இருக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணு’ என்று குனிந்து பார்த்தார். குட்டியா, எங்கே இருக்கிறது குட்டி! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், தலை நீட்டியதை எல்லாம் தோண்டிச் வேலிக்கு வெளியே வீசினாரே மகாராஜா. ‘இதுங்க எடத்த அடைச்சா பெருசு எப்படி வளரும்?’ என்று என்னையே கேட்டவர். நீ நம் பட்டறையை விட்டு வெளியூர் வேலைக்குப் புறப்பட்ட அன்றும் இதே தொனியில்தானே, ‘போறவங்க போகட்டும், பட்டறையில எடமாவது மிச்சம்’ என்றார். டீச்சரம்மா விடாமல், ‘விதை விழுந்து முளைக்கலாம், அது பூக்கறதப் பாக்க நாமதான் இருக்க மாட்டோம்’ என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். நல்ல ஆறுதல்.

அதிலிருந்து மனுஷர் காலையும் மாலையும் செடியடியிலேயே நின்றார். அடி இலைகள் துவண்டு விழ ஆரம்பித்தன. செடி விழுந்தால் என்ன செய்வார்கள், விட்டுவிடுவார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா, பட்டறையிலிருந்து கம்பி கொண்டுவந்து வெட்டி வெல்டிங் அடித்து ஒவ்வொரு இலைக்கும் கீழே முட்டுக் கொடுத்தார். இப்போது அது செடி மாதிரியா இருக்கிறது, ஊன்றுகோல் கடை மாதிரி இருக்கிறது. கால் இடித்துக்கொள்கிறவள் நான். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், மஞ்சளாகிப்போன இலை ஒன்றைக் கையில் தாங்கிக்கொண்டு, ‘நான் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டிருக்கக் கூடாதுல்ல’ என்று கேட்டார். என்னைத்தான் கேட்டாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, பாவமாகப் போயிற்று.

போன வாரம் நீ அனுப்பிய போட்டோவைத் திறந்தபடியே போனை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பினால் இவர் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார், உன் முகத்தைத் தாண்டி ஜன்னலோரம் இருந்த கற்றாழைக் குட்டியை. ‘அது நம்ம கிரீஸ் டப்பாதானே?’ என்றார். நம்முடையதேதான். புறப்பட்ட அன்று வேலிக்கு வெளியே கிடந்த குட்டியைப் பொறுக்கி அதில் வைத்துத் துணிப்பைக்குள் நீ ஒளித்தது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் மூச்சு விடவில்லை. இப்போதும் ‘எனக்கென்ன தெரியும்’ என்றுதான் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் கற்றாழைக்குப் பக்கத்தில் ஒரு குழி. எதற்கு என்றேன், குப்பை கொட்டவாம். குப்பைக் குழிக்கு யாராவது கல் பொறுக்கி, மண்ணைச் சலித்துப் போடுவார்களா? மேலே இரும்புத் தகட்டில் மூடி வேறு, கைப்பிடியோடு.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் முதலில் பேசட்டும் என்று நீ, அவள் முதலில் பேசட்டும் என்று அவர், நடுவில் சம்பளமில்லாத தபால்காரி நான். லேத்தைத் தொடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், கோபத்தையும் அவரிடம்தான் கற்றிருக்கிறாய், அதை மட்டும் நன்றாகவே கற்றிருக்கிறாய். எனக்கு இரண்டு பேரையும் பார்த்து அலுத்துவிட்டது, தனியாக உட்கார்ந்து அழுதும் ஆயிற்று. அந்தக் குட்டியை எடுத்துக்கொண்டு வா. பார்சலில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதே, அனுப்பினால் வாங்காமல் திருப்பிவிடுவேன். குட்டியை நட்ட பிறகு நீ வேலைக்குத் திரும்பிப் போ, யார் தடுத்தது. பூ இன்னும் கொஞ்ச நாள்தான் நிற்கும்.

வெயிலில் தொப்பி போடாமல் அலையாதே. பட்டறைக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் பக்கம் போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு என் கண்ணே. மறக்காமல் டப்பாவோடு வா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பி.கு. உறையில் போடாமல் இதை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், வேண்டுமென்றேதான் போனேன். கீழே இரும்பில் குறி போடுகிற பென்சிலால் இருப்பது என் எழுத்து இல்லை.

தண்ணீர் நிறைய ஊற்றாதே, வேர் அழுகிவிடும். முள்ளுக்குத் துணி சுற்று. எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று சொல். நான் வந்து நிற்கிறேன்.