நான் அழுத்திப் பிடித்த கேபிள்

என் டாக்குரியா வீட்டில் பரணை ஒழித்தபோது அந்த ஸீரியல் கேபிள் கையில் சிக்கியது. மேலுறை இளகி, தொட்டால் பிசுபிசுக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் ரப்பர் நாற்றம் போகவில்லை. உங்கள் ஞாபகம் வந்தது. நல்லபடியாக வரவில்லை.

கிடர்பூர் ஆற்றுத் துறைமுகத்தில் அந்தக் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் தமிழர் நாம் இருவர்தான். ஒரே பஸ்ஸில் வருவோம், என் டிபனில் பாதி உங்களுக்கு. கப்பல் வரவுக்கும் சரக்கு இறக்கத்துக்கும் நான் ப்ரோக்ராம் எழுதி முடித்ததும், "உன் மெஷின் படுத்துடுச்சுன்னா எல்லாம் போச்சு. என்கிட்டயும் ஒரு காப்பி இருக்கட்டும்" என்றீர்கள். அக்கறை என்று நினைத்தேன். ஃப்ளாப்பியில் அடங்காது என்பதால் இரண்டு கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்தோம். என் பக்கத்துப் பிளக் லொடலொடத்தது. சற்று அசைந்தாலும் இணைப்பு அறுந்து, முதலிலிருந்து அனுப்ப வேண்டும். மேஜைக்கடியில் குனிந்து, முடியும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் திருட வந்தவருக்கு நானே டார்ச் அடித்திருக்கிறேன்.

மறுவாரம் மேனேஜர் அறையில் அந்த ப்ரோக்ராமைத் திறந்தால் முதல் திரையில் உங்கள் பெயர். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. சென்னை ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பு உங்களுக்குப் போனது. அந்த வேலைக்காகத்தான் நான் உழைத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து நீங்கள் போன் செய்த நாள்தான் எனக்குத் தீபாவளி. "ஒவ்வொரு கப்பலுக்கும் ஜோயார் டைம் கேக்குது. குடுக்காட்டி மேல போக மாட்டேங்குது. என்ன இது?" ஆற்றில் நீர் ஏறுவதை இங்கே ஜோயார் என்போம். அந்த நேரம் பார்த்துத்தான் கிடர்பூருக்குள் கப்பல் நுழையும். அதனால் அப்படி எழுதியிருந்தேன். கடலோரச் சென்னைக்கு அது தேவையில்லை, ப்ரோக்ராமில் ஒரு வரியை எடுத்தால் போதும். "நீங்க எழுதினதுதானே, உங்களுக்குத் தெரியாததா?" என்று போனை வைத்தேன். அன்று மாலை கரியாஹாட்டில் இறங்கி, சந்தேஷ் இனிப்பு வாங்கித் தனியாகத் தின்றேன். அத்தனை ருசி.

போன மாதம் நீங்கள் இறந்த செய்தியைச் சொல்ல உங்கள் மகன் கூப்பிட்டான். "அப்பா எழுதின ப்ரோக்ராமுக்கு நீங்க ரொம்ப ஒத்தாசையா இருந்தீங்களாமே, ஆண்ட்டி. சொல்லிட்டே இருப்பார்."

கடைசிவரை அதையே சொல்லியிருக்கிறீர்கள். இழவு வீடு என்று நான் பார்க்கவில்லை. "எழுதினது நான்தாம்பா. உங்கப்பா காப்பி எடுத்துக்கிட்டார்."

அவன், "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ஆண்ட்டி" என்றான்.

நான் சரியென்று சொல்லவில்லை. உங்கள் மனைவியின் நம்பர் என் போனில் இருக்கிறது. தினமும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.