கேட்டவர் ஒஃபேலியா

டூசான், அரிசோனா
ஜூன் 3

அன்புள்ள கொமாத்ரே ஒஃபேலியா,

உங்கள் கணவர் ஆன்செல்மோ இறந்துபோய் ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்ற கொம்பாத்ரே என்ற உரிமையில் கேட்கிறேன். ஜூலையில் பறவை பார்க்கும் கூட்டத்தை அழைத்து வரலாமா? உங்கள் நிலத்துக் கேட் பூட்டியிருக்கிறதாம். ஆற்றங்கரை மரங்களுக்குப் போக எங்களுக்கு வேறு வழியில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

ரொஹேலியோ

ஆற்றங்கரை வீடு
ஜூன் 11

கொம்பாத்ரே,

திட்டத்தான் எழுதுகிறேன். பதினெட்டு வருஷம் உங்களுக்குக் கேட் திறந்துவிட்ட மனுஷன். போன ஜூலையில் மழைக்குயிலைப் பார்த்தேன் என்று வந்து சொன்னார். "இன்னொரு சாட்சி இல்லாம பறவைப் பட்டியல்ல ஏத்த முடியாதுப்பா" என்றீர்கள், எல்லார் முன்னாலும். "அப்போ என் கண்ணு பொய்யா? போய்யா வாத்தியாரே!" என்று திரும்பியவர், அப்புறம் உங்களோடு நடக்கவே இல்லை. சாகிறவரை அதே பேச்சு. பூட்டியது நான்தான்.

சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

ஒஃபேலியா

ஜூன் 19

கொமாத்ரே,

அந்தக் குயில் அரிதாகிவிட்டது. ஒருவர் சொல்லை மட்டும் எழுதினால் வெளியே நம்பமாட்டார்கள். இன்னொருவர் பார்க்கக்கூட வேண்டாம், குரலைக் கேட்டிருந்தாலே போதும். அன்று ஒருவரும் இல்லையே! ஆனாலும் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வறட்டு கௌரவம் விடவில்லை.

ரொஹேலியோ

ஜூன் 27

கொம்பாத்ரே,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கேட்டாலே போதுமா?

அன்றைக்கு நீங்களெல்லாம் முன்னால் போய்விட்டீர்கள். நான் சாப்பாட்டுக்குக் கட்டிய புரிட்டோ மூட்டையோடு அவர் பக்கத்தில் நின்றேன். காட்டன்வுட் மரத்துக்குள் கட்டையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கடகடவென்று ஆரம்பித்து, போகப்போக இழுத்து, கவ்... கவ்... என்று அடங்கியது. அவர் அண்ணாந்து பார்த்தார். நான் பார்க்கவில்லை. "கேட்டியா கிழவி, மழையக் கூப்பிடுது" என்றார். "காக்காய்க்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்று சிரித்தேன்.

சாட்சி என்றால் உங்களைப் போலப் படித்தவர்கள் என்று நினைத்துவிட்டோம், அவரும் நானும். மூன்றாம் வகுப்போடு நின்றவளை யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷன் நிம்மதியாகப் போயிருப்பார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சொன்னால் எழுதுவீர்களா?

ஒஃபேலியா

ஜூலை 5

கொமாத்ரே,

எழுதிவிட்டேன். அந்தக் குரலை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. போன வருஷப் பட்டியலில் இப்போது இப்படி இருக்கிறது: "மழைக்குயில், ஒன்று. கண்டவர் ஆன்செல்மோ. கேட்டவர் ஒஃபேலியா." தாள் இதோடு இருக்கிறது. நீங்கள் சொல்லாதது குற்றமில்லை. நான் கேட்காததுதான்.

ரொஹேலியோ

ஜூலை 10

கொம்பாத்ரே,

தாளை அவர் தொப்பிக்குள் வைத்திருக்கிறேன். நேற்று வயிறாரச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள். கேட் திறந்திருக்கும். உங்களுக்குச் சர்க்கரை போடாத காப்பி. நானும் நடக்கிறேன். அவர் பைனாகுலர் எனக்குப் பிடிபடவில்லை, எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. காதை மட்டும் கொண்டுவருகிறேன்.

ஒஃபேலியா