படியேறாத அமாவாசை

என்னங்க,

போன்ல சொன்னா பாதியிலேயே வெச்சுடறீங்க. அதான் நீங்க போர்வெல் போடற ரிக்குக்கு வர்ற டிரைவர்கிட்ட எழுதிக் குடுத்து உடறேன்.

உங்க ரிக் லாரிக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாதுன்னு, அமாவாசைக்கு அமாவாசை எம்பொண்டாட்டி திருச்செங்கோட்டு மலைப்படி ஏறுவாள்னு நீங்களா வேண்டிக்கிட்டீங்க. மூணு வருசமா ஏறுனேன். குதிகால் வீங்குனதும் சுளுக்கு, நீவி உடுன்னீங்க. நீவி நீவித்தான் வலி ஜாஸ்தியாச்சு. தசைநாண் வீங்கியிருக்குது, ஐஸ் வெக்கோணும், குதி உசந்த செருப்புப் போடோணும், ஆறு வாரம் படியே ஏறக்கூடாதுங்கறாரு டாக்டரு.

இந்த அமாவாசைக்கு நான் ஏறல. நேத்துப் போன்ல நீங்க கேட்டதும் ஏன் ஏறலைன்னுதான். கால் எப்படியிருக்குதுன்னு கேக்கல.

இத்தனை வலியோட யாரு ஏறச் சொன்னதுன்னு டாக்டரு கேட்டாரு. சாமின்னு சொல்லிட்டேன். கட்டுன புருசன்னு சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு.

இப்படிக்கு,
உங்க வேண்டுதலுக்குக் கால் குடுத்தவ